வளையல் பதித்த அரச இலை

கண்ணாடி வேலையை நான் ஆசைப்பட்டுத் தேடிப் போகவில்லை. என் சூளைக்கு வயதாகிவிட்டது, அதனால் போனேன்.

அது என் கணவர் கட்டிய மின்சூளை. நாங்கள் இருவரும் வேலை பார்த்த பீங்கான் தொழிற்சாலையை மூடியபோது, அங்கே கழித்துப் போட்ட செங்கல்லையும் இரும்புச் சட்டத்தையும் வாங்கி வந்து, ஜீவனஹள்ளியில் எங்கள் வாடகை வீட்டின் பின்பக்கம் அவரே கட்டினார். உள்ளே ஒரு அரிசி மூட்டையை நிற்க வைக்கும் அளவுக்குத்தான் இடம். அதை வைத்துக்கொண்டு நான் மண் வேலை செய்தேன். வாசலில் மாட்டும் பெயர்ப் பலகைகள், கொடியும் பறவையுமாகச் சுவரில் பதிக்கும் ஓடுகள். அப்போது பெங்களூரில் எங்கே பார்த்தாலும் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கோரமங்களா பக்கம் சில வாசல்களில் என் கொடிகள் இன்னும் இருக்கின்றன. என் பெயர் எதிலும் இருக்காது. வீட்டுக்காரர் பெயரைத்தானே பலகையில் எழுதுவார்கள்.

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, தொண்ணூற்றொன்றில், அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தவள் நான். கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டும் பகுதி. சேர்ந்த அன்றைக்கே மேற்பார்வையாளர் வளையலைக் கழற்றச் சொன்னார். ஈர மண்ணில் வளையல் உரசினால் கோடு விழும், கோடு விழுந்த கோப்பை கழிவுக்குப் போய்விடும். கல்யாணம் ஆன பிறகும் விசேஷ நாட்களில் மட்டும்தான் போட்டுக்கொண்டேன். என் கணவர் மஞ்சள் காமாலையில் போனபோது, கழற்றுவதற்கு என் கையில் எதுவும் இருக்கவில்லை.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கடையில் முன்னால் நிற்பவர் வாங்கிக்கொண்டு போகும்வரை நிற்பேன். பின்னால் வந்தவரும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். பேச வேண்டியதையெல்லாம் கணவர் பேசினார். அவருக்குப் பிறகு அக்கா பேசினாள். அக்கா ஈஜிபுராவில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, என் பலகை எதையாவது எடுத்துப் பார்த்து, இதற்கு இன்னும் கூடக் கேட்டிருக்கலாம் என்று என்னைத் திட்டிவிட்டு, எனக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டுப் போவாள்.

கணவர் இறந்து இரண்டு வருடத்தில் சூளையின் கம்பிச்சுருள் தேய்ந்துபோயிற்று. ஓட்டின் மேல் பூசும் பளபளப்புப் பூச்சு உருகும் சூடு வரவில்லை. ஓடுகள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறிப்போய் வெளியே வந்தன. சூளையைப் பார்க்க வந்த மின்வேலைக்காரன், கம்பி மட்டும் இல்லை, கல்லும் போய்விட்டது, மொத்தமாகப் பிரித்துத்தான் கட்ட வேண்டும் என்றான். அவர் அடுக்கிய கல்லைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சமயத்தில் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த ஒருத்தியை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். கண்ணாடி உருக அவ்வளவு சூடு வேண்டாம், உன் சூளையே போதும் என்று அவள்தான் சொன்னாள். இப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஃப்ரேசர் டவுனில் ஜன்னல் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே மூலையில் கிடக்கும் வெட்டுத் துண்டுகளைக் கேட்டேன். கடைக்காரர் எடை போட்டுக்கொண்டே சிரித்தார்.

"எல்லாரும் முழுசா குடுங்க பாய்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தாம்மா உடைஞ்சதுக்குப் பேரம் பேசறீங்க."

நான் பேரம் பேசவே இல்லை. அவர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன். அதுவே அவருக்குப் பேரமாகத் தெரிந்தது.

முதலில் வைத்த கண்ணாடி சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டு, தட்டையும் பிளந்துகொண்டு வந்தது. தட்டின் மேல் வெள்ளைக் களிமண்ணைக் கரைத்துப் பூசினால் ஒட்டாது என்று பிறகு கண்டுகொண்டேன். அடுத்து வைத்தது ஒட்டவில்லை, ஆனால் இரண்டாக வெடித்தது. மண் சாமான் என்றால், கை சூடு தாங்கும் பதம் வருவதற்குள்ளேயே மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுவோம். அந்தப் பழக்கம் போக எனக்கு வெகுநாள் ஆயிற்று. கண்ணாடியை அதன் போக்கில் ஆறவிட வேண்டும். மூடியைத் தொடவே கூடாது.

எனக்கு அது பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மண்ணில் என் கட்டைவிரல் ரேகைவரை பதியும். கண்ணாடியை வெட்டி அடுக்கி மூடியைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு என் கைக்கு வேலை கிடையாது. அது உள்ளே உருகிக்கொண்டிருக்கும், நான் பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளை மாதிரி வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். இருந்தாலும் சில சங்கதிகள் கைவந்தன. மண் பூச்சுக்கு வாங்கி வைத்திருந்த தாமிரப் பொடியை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் தூவிச் சுட்டால் நல்ல பச்சை கலந்த நீலம் வந்தது. சுட்ட மண்ணில் அச்சுச் செய்து, அதன் மேல் கண்ணாடியை வைத்து இளக்கினால் அது குழிந்து கிண்ணமானது. ஒரு பரிசுப் பொருள் கடையில் கிண்ணங்களை எடுத்துக்கொண்டார்கள். மண் பலகைகளைவிட அவை சீக்கிரம் விற்றன. அதுவும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

எங்கள் குடும்பம் அப்பா காலத்திலிருந்தே பௌத்தம். நடந்து போகும் தூரத்தில் ஒரு சின்னக் கூடம் இருக்கிறது. சங்கம் என்று சொல்வோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடுவோம். வைகாசிப் பௌர்ணமியன்று எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி சொல்வோம். நாள் பார்க்க மாட்டோம், நட்சத்திரம் பார்க்க மாட்டோம், சகுனம் பார்க்க மாட்டோம் என்று அதில் வரும். வாய்வார்த்தையாக மட்டும் சொன்னவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் கணவர் இறந்த அன்று, அவர் பக்கத்து உறவுக்காரப் பெண்கள் மஞ்சளும் பூவுமாகச் சடங்கு செய்யக் கிளம்பியபோது, சங்கச் செயலாளர் எங்கள் வாசலில் நின்று, இந்த வீட்டில் அது நடக்காது என்று சொன்னார். ஓய்வுபெற்ற தபால்காரர், மெல்லிய ஆள். ஆனால் அன்றைக்கு அவரைத் தாண்டி யாரும் உள்ளே வரவில்லை. பத்தாம் நாள் நான் பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். கூடத்தைப் புதுப்பித்தார்கள். வாசல் நிலைக்கு மேலே வெளிச்சத்துக்காக ஒரு பெரிய திறப்பு விட்டிருந்தார்கள். அதில் கண்ணாடியில் ஓர் அரச இலை செய்து வைக்க முடியுமா என்று செயலாளர் என்னைக் கேட்டார். முடியும் என்றேன். சூளை சிறியது என்பதால் இலையை நரம்புகளின் வழியே பகுதி பகுதியாகப் பிரித்துச் சுட்டு, பிறகு இரும்புச் சட்டத்தில் சேர்க்கலாம் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

அந்தப் பௌர்ணமிக்கு அக்காவும் வந்திருந்தாள். காகிதம் கை மாறி அவளிடம் போயிற்று. பார்த்துவிட்டு, பெண்கள் பக்கம் திரும்பி ஒரு யோசனை சொன்னாள்.

"வூட்டுக்கு ஒரு வளையல் குடுங்க. இவ அதை உருக்கி இலையில வச்சிடுவா. நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைங்க அண்ணாந்து பாத்து, எது எங்க ஆயா வளையல்னு தேடட்டும்."

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. என்னால் ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் அக்கா சொல்லிவிட்டாள், அதற்கு மேல் எழுந்து நின்று பேச எனக்குத் தைரியம் இல்லை. மறுநாளிலிருந்து வளையல்கள் வர ஆரம்பித்தன. ஒரு பாட்டியம்மா பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த பழைய பச்சை வளையலைக் கொண்டுவந்தார். பக்கத்துத் தெருவில் டெய்லர் கடை வைத்திருந்த அம்மா, சந்தாபுராவில் கட்டிக்கொடுத்த மகளின் வளைகாப்பு வளையல்களில் ஒரு ஜோடியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். சிவப்பு, பொன் பூசியது. பத்திரம்மா, என் பொண்ணுது, என்று சொல்லிக் கொடுத்தார்.

நான் சோதித்துப் பார்க்காமல் செய்யவில்லை. வளையல் துண்டு ஒன்றை ஜன்னல் கண்ணாடிச் சில்லின் மேல் வைத்துச் சுட்டேன். அழகாக ஒட்டிக்கொண்டு, விளிம்பு வட்டமாக இளகி, சிவப்பு மாறாமல் வந்தது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். தெளிவாகச் சத்தம் வந்தது. தொழிற்சாலையில் எல்லாரும் இப்படித்தான் பார்ப்போம். நெருப்பிலிருந்து முழுதாக வந்து, தட்டினால் நல்ல சத்தம் கொடுத்தால், அந்தச் சாமான் முழுசு. கீழே போட்டால்தான் உடையும். பதினாறு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சட்டம் அது. சோதனைத் துண்டைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டு இலையை ஆரம்பித்தேன்.

வைகாசிப் பௌர்ணமிக்கு முன்னால் இலை ஏறியது. காலை வெயில் அதன் வழியாக விழுந்து, கூடத்தின் தரையில் பச்சையும் சிவப்புமாகக் கிடந்தது. பெண்கள் அதில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். டெய்லர் அம்மா மகளை வரவழைத்து, அதோ உன்னுது என்று காட்டினார். செயலாளர் ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டார். நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கண்ணாடி எனக்குப் பிடித்திருந்தது அன்று ஒருநாள்தான்.

ஆடி மாதம் அது வெடித்தது. கூடம் பெருக்கும் பெண் நேரே என் வீட்டுக்கு வந்து சொன்னாள். யாரோ விரல் சொடுக்கின மாதிரி சத்தம் கேட்டதாம், நிமிர்ந்து பார்த்தால் ஒரு கோடு ஓடியிருந்ததாம். போய்ப் பார்த்தேன். காற்று கிடையாது, கல்லும் யாரும் எறியவில்லை. ஒரு வளையலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே விரிசல் போயிருந்தது. அந்த வாரத்திலேயே இன்னொன்று, பிறகு இன்னொன்று. ஒரு துண்டு கழன்று, செருப்பு விடும் இடத்தில் விழுந்தது. நல்லவேளை, அங்கே யாரும் இல்லை. இலையை மறைத்து ஒரு தார்ப்பாயைக் கட்டினார்கள்.

அதற்குள் டெய்லர் அம்மாவின் மருமகன் ஓசூர் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார்.

அக்கா வந்தாள். அன்று சமைக்கவில்லை. உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன் என்று தொடங்கி, பிறகு சொன்னாள்.

"புருசன் இல்லாதவ கையில போய் நம்ம வளையலைக் குடுத்தோமேன்னு பேசிக்கறாங்கடி."

யார் என்று கேட்டேன். எல்லாரும்தான் என்றாள்.

இலை உடைந்ததற்கு நான் அழவில்லை. நான் உடைக்காத சாமானா? கைப்பிடி ஒட்டிய காலத்திலிருந்து எத்தனையோ கழிவுக்குப் போயிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும்: தண்ணீர் அதிகம், சரியாகக் காயவில்லை, பூச்சு கனம். அதை மேற்பார்வையாளர் முகத்துக்கு நேரே சொல்லுவார், நான் கேட்டுக்கொள்வேன், அடுத்தமுறை திருத்துவேன். அதில் ஒரு மரியாதை இருந்தது. இப்போது அவர்கள் என் வேலையில் குறை சொல்லவில்லை. என் வேலையே அங்கே கணக்கில் இல்லை. என் புருஷன் செத்தது கண்ணாடிக்குத் தெரிந்து அது வெடித்துவிட்டது என்கிறார்கள். தப்பு நடந்திருக்கிறது, அது என் கை வேலையின் தப்பு என்றாவது அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

காரணம் சில நாளில் கிடைத்தது. சமையலறை ஜன்னலில் வைத்த சோதனைத் துண்டு இரண்டாகக் கிடந்தது. எப்போது வெடித்ததோ, யாரும் தொடவில்லை. விரிசல் வளையலின் விளிம்பைச் சுற்றியே போயிருந்தது, இலையில் போன மாதிரியே. நின்ற இடத்திலேயே எனக்குப் புரிந்தது. பூச்சும் மண்ணும் ஒத்துப்போகாவிட்டால், ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்கி, பூச்சு நரம்பு நரம்பாகக் கீறும். அதைத் தொழிற்சாலையில் தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் மண்ணில் அது பூச்சோடு நின்றுவிடும். பாத்திரம் பிழைத்துக்கொள்ளும். சிலர் அந்தக் கீறலே அழகு என்று வாங்கிப் போவார்கள். கண்ணாடியில் பிழைக்க இடம் இல்லை. வளையல் ஒரு ஜாதிக் கண்ணாடி, ஜன்னல் ஒரு ஜாதி. இரண்டும் ஒட்டிக்கொண்டு, உள்ளே ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு, பல வாரம் பொறுத்திருந்து, பிறகு விட்டுவிடுகிறது. தட்டினால் அது கேட்காது.

உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்தேன். என் சாமான் உடைந்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல்முறை. எடுத்துத் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன்.

அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில், இலையை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது எழுந்து நின்றேன். இதற்காகக் காலையிலிருந்து வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். துண்டைக் காட்டி, இது என் வீட்டில் தானாக உடைந்தது, இரண்டும் வேறு வேறு கண்ணாடி, ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்குகிறது, நான் சேர்த்திருக்கக் கூடாது, இது என் வேலையின் தப்பு என்று சொன்னேன். அவ்வளவையும் சொல்லி முடித்தேன் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

டெய்லர் அம்மா துண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"இது யார் வூட்ல இருந்துச்சு?"

"என் வூட்லதான்."

"யார் செஞ்சது?"

"நான்தான்."

"அதைத்தாம்மா நாங்களும் சொல்றோம்."

துண்டை என் கையில் திருப்பிக் கொடுத்து, முழங்கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். ஆறுதலாகத்தான் தட்டினார். நானும் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் செயலாளர் வீட்டுக்கு வந்தார். டீ வேண்டாம் என்றார். இலையைத் திரும்பச் செய்து தர முடியுமா என்று கேட்டார். செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளுமாம். அதற்குப் பிறகு சூளையைப் பார்த்துக்கொண்டே மேலே பேசினார்.

"சகுனம்லாம் கிடையாதும்மா. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா கூடம் எல்லாருக்கும் பொது இல்லையா. உங்கக்கா கையால முதல் வளையலை வச்சிட்டா, பொம்பளைங்க பேச மாட்டாங்க. மத்த வேலை பூரா உன்னுதுதான்."

என் வாசலில் நின்று உறவுக்காரர்களைத் தடுத்த அதே மனிதர். அன்று வந்தவர்கள் வெளியாட்கள், தடுப்பது சுலபமாக இருந்திருக்கும். நான் சரி என்றேன். அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். நான் பேசினால் எடுபடாது என்று பார்த்துவிட்டேன். இந்தமுறை கண்ணாடியைச் சரியாகச் செய்தால் அது வெடிக்காது. வெடிக்காமல் ஒரு மழைக்காலம் நின்றுவிட்டால், போனதும் கண்ணாடிக் கோளாறுதான் என்று அவர்களுக்கே விளங்கிவிடும். எனக்குப் பதிலாக அந்த இலை பேசட்டும் என்று நினைத்தேன்.

வளையலை உருக்கக் கூடாது. ஆனால் இலையில் வளையல் தெரிய வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த மண் உதவியது. ஈரக் களிமண் பலகையில் இலையை வரைந்து, வளையல்களை அதில் அழுத்தி எடுத்தால் வட்டம் வட்டமாகத் தடம் விழும். அந்த மண்ணைச் சுட்டு அச்சாக்கி, அதன் மேல் கண்ணாடியை இளக்கினால், தடம் அப்படியே கண்ணாடியில் புடைத்து நிற்கும். இந்தமுறை கொடுக்கும் வளையல் அவரவருக்குத் திரும்பிப் போய்விடும். மறுபடி மண்ணைப் பிசைந்தபோது எத்தனையோ நாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

முதல் வளையல் வைக்கும் அன்று என் வீட்டுப் பின்பக்கம் பெண்கள் நிறைந்துவிட்டார்கள். அக்கா பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து வந்தாள்.

"ஒரு வளையல் அமுக்கறதுக்கு என்னை கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கிட்டீங்களேடி," என்று எல்லாரையும் சிரிக்க வைத்தாள். டெய்லர் அம்மா கொடுத்த வளையலை வாங்கி, இலையின் நுனியில் வைத்து அழுத்தினாள். அவளுக்கு மண் பழக்கம் இல்லை. ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் மேலோட்டமாகவும், கோணலாக இறங்கிவிட்டது. ஒரு விரலால் நீவி அதைச் சரிசெய்திருப்பேன். ஆனால் சுற்றி நின்றவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எல்லாரும் கலைந்த பிறகு மற்ற வளையல்களை நான் பதித்தேன்.

இரண்டு அடுக்குக் கண்ணாடியையும் ஒரே தகட்டிலிருந்து வெட்டினேன். நடுவில் தாமிரப் பொடி மட்டும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகச் சுட்டு, இரண்டு பங்கு நேரம் ஆறவிட்டேன். கரண்ட் போகும் நாட்களில், சூளையைச் சுற்றிப் பழைய கம்பளிகளைப் போட்டு மூடிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை.

இலை ஏறியது. சிவப்பு கிடையாது, ஒரே நீலப்பச்சை, அதில் தண்ணீரில் விழுந்த மழைத்துளி மாதிரி வட்டங்கள். முதலில் செய்ததைவிட இது நல்ல வேலை. ஆடி வந்தது, போயிற்று. ஐப்பசி மழை போயிற்று. ஒரு கோடு விழவில்லை. ஒவ்வொரு பௌர்ணமியும் போய், யாராவது ஏதாவது சொல்வார்களா என்று பின்வரிசையில் காத்திருந்தேன்.

சொன்னார்கள். அடுத்த வைகாசியில் டெய்லர் அம்மா அக்காவின் இரண்டு கையையும் பிடித்து, தன் மருமகள் முன்னால் நீட்டிக் காட்டினார்.

"இந்தக் கை வச்சதும்மா. அசையல பாரு."

அந்த மருமகளின் வளைகாப்புக்கு முதல் வளையலை அக்காதான் போட்டாள். அதற்குப் பிறகு புது வீட்டில் பால் காய்ச்ச, கடை திறக்க, குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டவர்கள் எல்லாரும் சங்கத்துக்காரர்கள். முன்னே வாரம் ஒருமுறை எனக்காக வந்தவள், இப்போது யார் வீட்டுக்காவது வந்துவிட்டு, போகிற வழியில் என்னை எட்டிப் பார்த்தாள். நான் வாய்விட்டு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வருடக் கணக்கில் சொல்லவில்லை. ஒருநாள், அவள் யார் வீட்டிலிருந்தோ வெற்றிலையும் ரவிக்கைத் துணியுமாக வந்து உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன்.

"கண்ணாடியை மாத்தினதாலதான் அது நின்னுச்சு. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்டி."

"அப்போ அவங்ககிட்ட சொல்லேன்."

அக்கா ரவிக்கைத் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"நீ ஒரு வேலை கத்துக்கிட்ட. உன் கையில ஒண்ணு இருக்கு. எனக்கு அடுப்பை விட்டா இன்னா தெரியும்? இத்தனை வருசத்துல என்னை ஒருத்தர் வா, வந்து உக்காருன்னு கூப்பிட்டிருக்காங்களா? இப்பதான் கூப்பிடறாங்க. அதையும் சொல்லிக் கெடுத்துக்கணுமா?"

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

நான் கண்ணாடி வேலையை விடவில்லை. புது அடுக்குமாடிகளிலிருந்து ஆட்கள் வந்து, கதவுக்கும் குளியலறைக்கும் என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். எந்தக் கண்ணாடியோடு எது சேரும் என்று இப்போது கண்ணால் பார்த்தே சொல்வேன். சங்கத்துக்காரர்களில் இரண்டு மூன்று பேர் பூஜை மாடத்துக்குச் சின்ன விளக்கு மறைப்புகள் கேட்டார்கள். சூளையில் வைக்கும்போது அக்காவை ஒருதரம் தொடச் சொல்லும்மா என்றார்கள். செய்து கொடுத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவர்களிடம் அக்கா தொட்டதாகச் சொல்லிவிட்டேன். அவையும் வெடிக்கவில்லை.

வைகாசிப் பௌர்ணமிக்கு இப்போதும் போகிறேன். இலைக்கு எதிரே எல்லாரும் எழுந்து நின்று, சகுனம் பார்க்க மாட்டோம் என்று சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். நுனியில் அந்தக் கோணல் வளையல் தடம் மற்ற எல்லாவற்றையும்விட முன்னால் தெரிகிறது. புதிதாக வந்தவர்களுக்கு அதைத்தான் காட்டுகிறார்கள். நான் செய்த வேலைகளிலேயே குறை சொல்ல முடியாதது அந்த இலை. அதன் கீழே நின்றுகொண்டு, ஒரு கோடு விழட்டும், எல்லாரும் பார்க்க இப்போதே ஒரு கோடு விழட்டும் என்று பல வருடம் நினைத்திருக்கிறேன்.

விழாது. சரியாகத்தான் செய்திருக்கிறேன்.